நடு ஓடைக்கு அந்தப் பக்கம்

ரொசாரியோ, 1852 மே 12

அன்புள்ள தொமாசா அக்காவுக்கு,

இந்தக் கடிதம் வந்து சேரும்போது நீ மூட்டுவலி இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்க வேண்டும் என்று மாதாவை வேண்டுகிறேன். நான் சுகம். என் விரல்தான் சுகமில்லை. போன வாரம் வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை ஏற்றும்போது நசுக்கிக்கொண்டேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். உன் எழுத்து எப்போதடா நேராக இருந்தது என்று நீ கேட்பாய்.

இதை உனக்கு வாசித்துக் காட்டுகிற எஜமானி தோன்யா ருஃபினா அம்மாவுக்கு என் பணிவான வணக்கம். அம்மா இல்லாவிட்டால் நீயும் நானும் இருபது வருஷமாக ஊமைகளாகத்தான் இருந்திருப்போம்.

வண்டிக்காரர் எயுசேபியோ ஒரு சேதி சொன்னார். எல்லா மாகாணங்களின் ஆளுநர்களும் உங்கள் சான் நிகோலாஸுக்கு வருகிறார்களாம். இனி ஒருவரோடு ஒருவர் வெட்டிக்கொள்ளாமல் ஒரே சட்டத்தின் கீழ் வாழலாம் என்று ஒப்பந்தம் எழுதப் போகிறார்களாம். அவர்களில் இரண்டு பேர் உங்கள் வீட்டில்தான் தங்குகிறார்களாமே! அக்கா, பரிமாறும்போது காதைக் கொஞ்சம் தீட்டி வைத்துக்கொள். உங்களைப் பற்றி ஏதாவது பேசுகிறார்களா என்று கேட்டுச் சொல்.

அம்மா கோபித்துக்கொள்ளக் கூடாது. அடிமைத் தாய்க்குப் பிறக்கும் குழந்தை இனி அடிமை இல்லை என்று ஆயிரத்து எண்ணூற்றுப் பதின்மூன்றாம் வருஷம் சட்டம் வந்தது. நான் அதற்கு ஆறு வாரம் பிந்திப் பிறந்தேன். நீ ஆறு வருஷம் முந்திக்கொண்டாய். ஒரே வயிறு. நான் சொந்தப் பட்டறை வைத்திருக்கிறேன், நீ நாற்பத்தைந்து வயதிலும் இன்னொருவர் சொத்து. நம் அம்மா சாகும்வரை சொல்லிச் சிரித்தாள்: "மூத்தது அவசரக் குடுக்கை, இளையது சோம்பேறி. சோம்பேறிக்குத்தான்டி காலம்." எனக்கு மட்டும் அது சிரிப்பாக வந்ததே இல்லை.

உன் தம்பி,
சிப்ரியானோ

~

சான் நிகோலாஸ், 1852 ஜூன் 4

சிப்ரியானோவுக்கு,

சொல்வது உன் அக்கா தொமாசா, எழுதுவது ருஃபினா. இங்கே எல்லாரும் சுகம். விரலுக்குச் சூடான கொழுப்பு தடவச் சொல்கிறாள்.

ஒப்பந்தம் மே முப்பத்தொன்றாம் தேதி கையெழுத்தாயிற்று. நம் வீட்டில் தங்கிய இருவரும் நல்ல மனிதர்கள், ஆனால் நல்ல பசிக்காரர்கள். பதினொரு நாளில் என் கோழிக்கூடு காலி. அவர்களில் ஒருவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒப்பந்தத்துக்குப் பிரதி எடுக்கிறேன் என்று மைக்கூட்டைக் கவிழ்த்துவிட்டார். என் தாயார் காலத்து லினன் விரிப்பு! உள்ளங்கை அகலத்துக்குக் கறை. தொமாசா நாலு முறை எலுமிச்சை போட்டுத் துவைத்துவிட்டாள், போகவில்லை.

"அம்மா, அவன் கேட்டதுக்குப் பதில் எழுதுங்க" என்கிறாள். எதற்குப் பதில்? பெரிய மனிதர்கள் மேஜையில் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கிற பழக்கம் இந்த வீட்டில் இல்லை. மாத்தே இலைக் கஷாயம் ஊற்றினாள், கோப்பையை வாங்கினாள், மறுபடி ஊற்றினாள். அவ்வளவுதான்.

பழப்பாகு அடைத்த பலகாரம் கொஞ்சம் அனுப்பியிருக்கிறாள். மை கொட்டி வீணாய்ப் போன தாள்கள் கிடந்தன, அதில்தான் சுற்றியிருக்கிறாள். எழுதி முடிக்கும்வரை வழக்கம்போல என் தோளுக்குப் பின்னால் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "வேற ஏதாவது எழுதணுமாடி?" என்று கேட்டேன். "நல்லா இருக்கும்மா, போதும்" என்கிறாள்.

கடவுள் உன்னைக் காக்கட்டும்.

தொமாசாவுக்காக,
ருஃபினா

~

ரொசாரியோ, 1852 ஜூன் 20

அன்புள்ள அக்கா,

நீயும் அம்மாவும் சுகம் என்று அறிந்து மகிழ்ச்சி. விரல் ஆறிவிட்டது, நகம் மட்டும் போய்விட்டது.

பலகாரத்தை ஒரே நாளில் தின்று தீர்த்தோம். ஆனால் பட்டறையில் எல்லாரும் சண்டை போட்டது அதைச் சுற்றி வந்த தாளுக்குத்தான்! மேலெல்லாம் எண்ணெய், கீழெல்லாம் மை. நடுவில் நாலு வரி தெரிந்தது. எல்லா மாகாணங்களும் சம உரிமையோடு சாந்தா ஃபேயில் கூடுமாம். நாடு முழுவதற்கும் ஓர் அரசியல் சட்டம் எழுதுமாம். அதை மரப்பெட்டி மேல் ஏறி நின்று நான் உரக்க வாசித்தேன். எயுசேபியோ தொப்பியைக் கழற்றிவிட்டார். "எதுக்குய்யா தொப்பியக் கழட்டுற? செத்தவங்களுக்கா?" என்று கேட்டேன். "பொறக்கப் போறதுக்கு" என்றார்.

நான் கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை. உங்களைப் பற்றி ஏதாவது சொன்னார்களா?

சிப்ரியானோ

~

சான் நிகோலாஸ், 1852 அக்டோபர் 2

சிப்ரியானோவுக்கு,

இங்கே சுகம்தான், ஆனால் நிம்மதி இல்லை. புவெனோஸ் அய்ரெஸ் நகரத்தார் ஒப்பந்தத்தை ஏற்க மாட்டோம் என்று போன மாதம் கிளம்பிவிட்டார்கள். நடு ஓடைதான் எல்லை: அந்தப் பக்கம் உங்கள் சாந்தா ஃபே மாகாணம், இந்தப் பக்கம் நம் ஊர் அவர்கள் மாகாணத்தில் இருக்கிறது. ஒப்பந்தத்தைக் கூட்டிய ஜெனரலின் ஆட்கள் ஒரு நாள் வந்து மாவை எடுத்தார்கள், நகரத்தின் ஆட்கள் மறுநாள் வந்து குதிரையை எடுத்தார்கள். நமக்கு மத்தளம் போல இரண்டு பக்கமும் அடி.

பக்கத்து வீட்டு ஹுஸ்தாவும் உன் அக்காவும் ஆற்றுக்குத் துணி துவைக்கத் தனியாகப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடிமைப் பெண்கள் தனியாகப் போகிற காலமா இது? இந்தக் காலத்தில் பெரிய விஷயங்களைப் பற்றிக் கடிதத்தில் கேட்டுக்கொண்டிருக்காதே. தொமாசாவும் அதையேதான் சொல்கிறாள்.

ருஃபினா

~

ரொசாரியோ, 1853 மே 30

என் உயிருக்கு உயிரான அக்கா,

நலமா என்று கேட்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை, மன்னித்துக்கொள். எழுத்து மறுபடியும் கோணல். இந்த முறை விரல் காரணம் இல்லை.

தோன்யா ருஃபினா அம்மா, உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், இனி எழுதியிருப்பதை அவளுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டுங்கள்.

இந்த மாதம் முதல் தேதி சாந்தா ஃபேயில் அரசியல் சட்டம் கையெழுத்தாகிவிட்டது. அச்சடித்த தாள் நேற்றுத் துறைமுகத்துக்கு வந்தது. பதினைந்தாம் பிரிவை அப்படியே எழுதுகிறேன்: "கூட்டமைப்பில் அடிமைகள் இல்லை. இன்று இருக்கும் சிலரும் இந்தச் சட்டத்தின்மேல் சத்தியம் செய்யப்படும் கணம் முதல் விடுதலை பெற்றவர்கள்."

அக்கா! "இன்று இருக்கும் சிலர்" என்றால் நீ. உன்னைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். வாசித்ததும் பட்டறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சத்தியம் செய்யும் நாள் ஜூலை ஒன்பது. எல்லா ஊரிலும் மணி அடிக்கும், மக்கள் சதுக்கத்தில் கூடிச் சத்தியம் செய்வார்கள். அந்த மணிச் சத்தம் கேட்ட கணத்திலிருந்து நீ யாருக்கும் சொந்தமில்லை. உங்கள் மாகாணம் ஒப்பந்தத்தை ஏற்கவில்லை என்று எயுசேபியோ இழுக்கிறார். அந்த ஒப்பந்தம் பிறந்ததே உங்கள் ஊரில். பிரசவம் பார்த்த வீட்டையா பிள்ளை தெரியாது என்று சொல்லும்? உனக்கு ஒரு படுக்கை செய்ய ஆரம்பித்துவிட்டேன்.

உன் தம்பி,
சிப்ரியானோ

~

சான் நிகோலாஸ், 1853 ஜூன் 10

சிப்ரியானோவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வாசித்துக் காட்டினேன். தொமாசாவுக்கு இருமல் இருந்தது, இப்போது குணம். சாந்தா ஃபேயில் சட்டம் எழுதி முடித்தார்கள் என்று கேட்டு அவளுக்கு மகிழ்ச்சி. இனிமேலாவது சாலைகள் நன்றாகும், கள்ளர் பயம் குறையும் என்கிறாள். உனக்குப் படுக்கை செய்யும் வேலை வந்திருக்கிறது என்று கேட்டும் மகிழ்ச்சி. கோழிகள் மறுபடி முட்டையிடுகின்றன. எனக்கு மகனைப் போன்ற என் அண்ணன் பிள்ளை ஹிலாரியோ கடை போட உங்கள் ஊருக்கு வருகிறான். வண்டி வேலை இருந்தால் உன்னிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

பலகாரம் அனுப்பியிருக்கிறாள். "வேற ஏதாவது எழுதணுமாடி?" என்று கேட்டேன். "நல்லா இருக்கும்மா" என்கிறாள்.

தொமாசாவுக்காக,
ருஃபினா

~

(அதே பொட்டலத்தில், பலகாரம் சுற்றிய தாளின் உட்புறம், பென்சிலால்)

தம்பி,

இது என் கையெழுத்து. பயந்துவிடாதே. பொட்டலத்தை யாராவது பார்க்கும் இடத்தில் பிரித்திருந்தால் உடனே மடித்துவிடு.

எனக்கு வாசிக்கத் தெரியும். எழுதவும் தெரியும், உன்னைவிட நேராக. எஜமானியம்மா சிறு பெண்ணாக இருந்தபோது பாதிரியார் ஒருவர் நம் வீட்டுக்கு வந்து பாடம் சொல்லிக் கொடுப்பார். நான் பின்னால் நின்று மெழுகுவர்த்தி பிடிப்பேன். எழுத்துப் பிடிபட அம்மாவுக்கு ஆறு மாதம் ஆயிற்று, எனக்கு நாலு மாதம். அடிமைக்கு எழுத்து தெரிந்தால் நாளைக்கே பொய்யான அனுமதிச் சீட்டு எழுதிக்கொண்டு ஓடிவிடுவாள் என்று சொல்லி வேறு மாகாணத்துக்கு விற்றுவிடுவார்கள். அதனால் நம் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை. என் மேல் கோபப்படு, பிறகு மேலே வாசி.

உன் கடிதத்தை அம்மா வாசித்துக் காட்டினார்கள். "எழுத்து மறுபடியும் கோணல்" வரைக்கும் வந்தார்கள். பிறகு குரல் நின்றது. "என்னம்மா?" என்றேன். "ஒண்ணுமில்லடி, அவன் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு" என்றார்கள். அப்புறம் சட்டம், சாலை, படுக்கை வேலை என்று தாங்களாகவே ஒரு கடிதத்தை இட்டுக்கட்டி வாசித்தார்கள். நான் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன், தம்பி. கண் முன்னால் தாள் விரிந்திருந்தது. பதினைந்தாம் பிரிவு என் மூக்குக்கு ஒரு முழ தூரத்தில். மெழுகு உருகி என் கையில் வழிந்தது, அது எனக்கு உறைக்கவே இல்லை.

ஒப்பந்த நாட்களிலும் நான் எல்லாவற்றையும் கேட்டேன். நம் வீட்டில் தங்கிய இருவரும் சுங்கத்தைப் பற்றிப் பேசினார்கள், ஆற்றைப் பற்றிப் பேசினார்கள். எங்களைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. மூத்தவர், "இந்த வீட்டு அடிமை நல்லா சமைக்கிறா" என்றார். இந்தப் பென்சில் அவர் மறந்துவிட்டுப் போனதுதான்.

அம்மா கெட்டவர்கள் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருப்பார்கள். அதனால்தான் இந்த அதிர்ச்சி. கெட்டவர்கள் மறைத்திருந்தால் எனக்கு வயிறு எரிந்திருக்கும், அவ்வளவுதான்.

ஜூலை ஒன்பதாம் தேதி அடிக்கப்போகும் மணிக்காகக் காத்திருக்கிறேன். ஹுஸ்தாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன்.

தொமாசா

~

ரொசாரியோ, 1853 ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கும் அம்மாவுக்கும்,

நான் சுகம். இங்கே குளிர் அதிகம். பலகாரம் கிடைத்தது. இத்தனை வருஷமாக அனுப்பியதிலேயே இதுதான் அருமை. தாளோடு சேர்த்துத் தின்றுவிட்டேன். இரண்டு நாள் பட்டறைக்குப் போகவில்லை. வயிற்றுக்கு ஒன்றுமில்லை, திகைப்புத்தான். வேறு விசேஷம் இல்லை.

சிப்ரியானோ

~

(1853 ஜூலை 16, பலகாரத் தாளில்)

தம்பி,

உன் உடம்பு எப்படி? என் உடம்பு நன்றாக இருக்கிறது. மற்றதைச் சொல்கிறேன், உட்கார்ந்துகொண்டு வாசி.

ஒன்பதாம் தேதி காலை அம்மா கறுப்பு முக்காடு போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனார்கள். நான் கூழுக்குச் சோளம் இடித்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. ஒன்றல்ல, மூன்று மணியும் சேர்ந்து அடித்தன. பீரங்கியும் வெடித்தது.

உலக்கையைக் கீழே வைத்தேன். சமையல் மேலங்கியை அவிழ்த்து மடித்து மேஜையில் வைத்தேன். அதன் மேல் இடுப்புச் சாவிக்கொத்து. பிறகு வாசல் கதவைத் திறந்துகொண்டு போனேன். கொல்லைக் கதவு இல்லை, வாசல் கதவு. அந்தப் படியை நான் ஆயிரம் முறை கழுவியிருக்கிறேன், மிதித்தது அன்றுதான்.

சதுக்கத்து மூலையில் ஹுஸ்தா துணிக்கூடையோடு வந்தாள். "ஏய், நாம விடுதலைடி!" என்றேன். கூடையை அப்படியே போட்டுவிட்டாள். துவைத்த துணியெல்லாம் சேற்றில். "கெடக்கட்டும்! இனி அது யாரு துணியோ, யாரு சேறோ!" என்று தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அறுபது வயதுக்காரி, பல் இல்லாத வாயை மூடாமல் சிரித்தாள்.

கோயில் படியில் ஊர் நீதிபதி நின்றுகொண்டிருந்தார். போய்க் கேட்டேன்: "ஐயா, சத்தியம் ஆயிடுச்சுங்களா?"

"என்ன சத்தியம்?"

"புதுச் சட்டத்துக்கு. அதுக்குத்தானே மணி?"

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். "இன்னிக்கு ஜூலை ஒம்பது. நாடு சுதந்திரம் வாங்கின நாளு. வருஷா வருஷம் அடிக்கிற மணிதானே இது? நீ யாரு வீட்டு ஆளு?"

தம்பி, ஒவ்வொரு வருஷமும் இதே மணியைக் கேட்டிருக்கிறேன். இந்த வருஷம் அது எனக்காக அடிக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

பிறகு ஊரெல்லாம் பேசிக்கொண்டார்கள். நீதிபதி, ஜெனரலின் ஆட்கள் கேட்டால் சட்டத்துக்காக அடிக்கச் சொன்னேன் என்பாராம், நகரத்தின் ஆட்கள் கேட்டால் வழக்கமான திருவிழா என்பாராம். பாம்பும் சாகக் கூடாது, தடியும் உடையக் கூடாது. அதற்குள் நகரத்தை முற்றுகையிட்டிருந்த ஜெனரலின் படையும் கலைந்துவிட்டது. இனி அது வெறும் திருவிழா மணிதான். புதுச் சட்டம் நடு ஓடைக்கு அந்தப் பக்கத்தோடு நின்றுவிட்டது. ஒப்பந்தத்துக்குச் சமைத்துப் போட்டவள் நான், எனக்குப் பந்தியில் இடமில்லை.

அன்றைக்கு நீதிபதி அப்படிக் கேட்டதும் வீட்டுக்கு ஓடி வந்தேன். மேலங்கியை மாட்டி, சாவியை இடுப்பில் செருகி உலக்கையைக் கையில் எடுக்கவும் அம்மா உள்ளே வரவும் சரியாக இருந்தது. "ஏன்டி இப்படி மூச்சு வாங்குது?" "அடுப்பு ஊதினேம்மா." "கண்ணு ஏன் செவந்திருக்கு?" "அதுவும் அடுப்புத்தாம்மா."

ஏறக்குறைய ஒரு மணி நேரம் நான் யாருக்கும் சொந்தமில்லாமல் இருந்தேன். அது பொய் என்று தெரிந்த பிறகும் உள்ளங்கால் அதை மறக்க மாட்டேன் என்கிறது.

ஹுஸ்தா எல்லாத் துணியையும் பனிக்கட்டித் தண்ணீரில் மறுபடி துவைத்தாள். துணி சேறானதற்கு அடியும் வாங்கினாள். ஓடைக்கு அந்தப் பக்கம் உண்மைதான் என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள். "நீ சொன்னா இனி கேக்க மாட்டேன்டி. எஜமானி யாராச்சும் அவ வாயால வாசிச்சுக் காட்டட்டும், அப்ப நம்புறேன்" என்கிறாள்.

என்னைக் கூட்டிப்போகக் குதிரையோடு வந்துவிடாதே. அனுமதிச் சீட்டு இல்லாமல் பிடித்தால் எனக்குச் சவுக்கு, உனக்குக் கட்டாயப் பட்டாளம். வேறு வழி யோசி.

தொமாசா

~

ரொசாரியோ, 1853 செப்டம்பர் 30

மதிப்புக்குரிய தோன்யா ருஃபினா அம்மாவுக்கும் அக்காவுக்கும்,

தாங்கள் நலம் என நம்புகிறேன். நான் நலம்.

தங்கள் அண்ணன் மகன் தோன் ஹிலாரியோவின் வண்டிக்கு அச்சு மாற்றிக் கொடுத்தேன். அவர் மனைவிக்கு இது எட்டாம் மாதம். ஞானஸ்நான விருந்துக்கு ரொசாரியோவின் பெரிய தலைகள் எல்லாரும் வருகிறார்களாம். இங்கே கிடைத்த சமையல்காரி பூரணத்தை வைத்தால் மாவு வாயைத் திறக்கிறது, மாவை மூடினால் பூரணம் கருகுகிறது. "அத்தை வீட்டுப் பலகாரம் இருந்தா மானம் பிழைக்கும்" என்று ஐயா பெருமூச்சு விட்டார். ஞானத்தாயாக வரப்போவது தாங்களே என்றும் சொன்னார். எனக்கென்ன தெரியும், நான் சக்கரம் செய்கிறவன். காதில் விழுந்ததை எழுதினேன்.

நவம்பரில் ஓடையில் தண்ணீர் முழங்கால் அளவுதான். எயுசேபியோவின் வண்டி பத்திரமானது. அச்சு நான் போட்டது.

பணிவுடன்,
சிப்ரியானோ

~

ரொசாரியோ, தோன் ஹிலாரியோவின் வீடு, 1853 நவம்பர் 21

சிப்ரியானோ,

உன் நலத்தை விசாரிக்க மாட்டேன். நீ நன்றாகத்தான் இருப்பாய். என் நலத்தைச் சொல்கிறேன்: மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை, தலை சுற்றுகிறது. எட்டுத் தெரு தள்ளி இருக்கிற உனக்குக் கடிதம் எழுதுகிறேன். என்னால் அங்கே வந்து உன் முகத்தைப் பார்க்க முடியாது.

பதினெட்டாம் தேதி மத்தியானம் நடு ஓடையைக் கடந்தோம். இந்தக் கரையில் மர நிழலில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். "தொமாசா, தண்ணி காயட்டும், மாத்தே போடு" என்றேன். அவள் இறங்கினாள். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்து என் மடியில் வைத்தாள்.

"எதுக்குடி சாவி?"

"இது சாந்தா ஃபே மண்ணும்மா."

"அதுக்கு?"

அவள் கையைக் கட்டிக்கொண்டு பதினைந்தாம் பிரிவை முழுசாகச் சொன்னாள். செபம் சொல்கிற மாதிரி, ஒரு வார்த்தை பிசகாமல். எயுசேபியோ தொப்பியைக் கழற்றிவிட்டான், அந்தக் கழுதை. "யாருடி உனக்கு வாசிச்சுக் காட்டினது?" என்றேன்.

"நீங்க விட்டதை நானே வாசிச்சுக்கிட்டேம்மா. உங்க தோளுக்குப் பின்னாலேருந்து."

சிப்ரியானோ, அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருந்து போகவில்லை. இருபது வருஷமாக உனக்கு நான் எழுதிய ஒவ்வொரு கடிதத்தையும், அவள் சொல்லாததை எழுதியதையும், சொன்னதை விட்டதையும், மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு அவள் வாசித்திருக்கிறாள்! கடைசியில் நான் கேட்பேன், வேறு ஏதாவது எழுதணுமா என்று. நல்லா இருக்கும்மா என்பாள். ஒரு முறையாவது "இது பொய்" என்று சொல்லியிருக்கலாமே? நான் யாரை ஏமாற்றிக்கொண்டிருந்தேன்?

நான் கத்தினேன். திரும்பு என்றேன். எயுசேபியோ மாட்டின் காதைச் சொறிந்துகொண்டு நின்றான். அவள் போய்விடவும் இல்லை. அடுப்பு மூட்டித் தண்ணீர் காய்ச்சி மாத்தே போட்டாள். உனக்குத் தெரியும், ஊற்றுகிறவர்தான் முதல் சுற்றைக் குடிப்பது வழக்கம். நாற்பது வருஷமாக அவள் ஊற்றுகிறாள், ஒரு நாளும் குடித்ததில்லை. நம் வீடுகளில் அப்படித்தான். அன்றைக்கு முதல் சுற்றை ஊற்றினாள், என் எதிரே மரக்கட்டையில் உட்கார்ந்தாள், நிதானமாக உறிஞ்சினாள். பிறகு மறுபடி ஊற்றி அதே கோப்பையை என்னிடம் நீட்டினாள்.

நான் வாங்கிக் குடித்தேன். தாகமாக இருந்தது, வேறு என்ன செய்ய?

கள்ளி, பலகாரமும் செய்து கொடுத்தாள். கூலி வாங்கிக்கொண்டு! விருந்து முடிந்தது, எல்லாரும் புகழ்ந்தார்கள். நாளை மறுநாள் நான் திரும்புகிறேன், தனியாக. கால் வீங்கினால் அவள் என்ன இலை வைத்துக் கட்டுவாள் என்றுகூட எனக்குத் தெரியாது. லினன் விரிப்பு எந்தப் பெட்டியில் என்று தெரியாது. மாதச் சம்பளம் தருகிறேன், வரச் சொல். இல்லை, வேண்டாம், வர மாட்டாள். நான் பொய் எழுதியபோது ஏன் என்னைத் தடுக்கவில்லை என்று மட்டும் கேட்டு எழுது.

ருஃபினா

~

ரொசாரியோ, 1853 நவம்பர் 22

எஜமானியம்மாவுக்கு,

இனி எப்படி அழைப்பது என்று தெரியவில்லை, அதனால் பழக்கத்தில் வந்ததை எழுதிவிட்டேன். அடுத்த கடிதத்தில் மாற்றிக்கொள்கிறேன். நீங்கள் சாப்பிட ஆரம்பித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகம். தம்பி செய்த படுக்கை ஒரு பக்கம் ஆடுகிறது, தூக்கம் நன்றாக வருகிறது.

கால் வீக்கத்துக்கு முட்டைக்கோஸ் இலையை அனலில் வாட்டிக் கட்டுங்கள். விரிப்பு நீலப் பெட்டியின் அடியில் இருக்கிறது. அதன் கறை போகவில்லை என்று சொன்னது பொய். முதல் முறை எலுமிச்சை போட்டதுமே கரைய ஆரம்பித்தது. நான்தான் நிறுத்திவிட்டேன். பெரிய மனிதர்கள் எல்லாரும் போன பிறகு, அந்த ஒப்பந்தத்தில் என் கையில் மிஞ்சியது அந்தக் கறை ஒன்றுதான்.

ஏன் தடுக்கவில்லை என்று கேட்டீர்கள். ஆரம்பத்தில் பயம். என்னை விற்றுவிடுவார்கள் என்ற பயம். பின்னாளில் வேறொன்றும் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு முறையும் "வேற ஏதாவது எழுதணுமாடி?" என்று கேட்பீர்கள். விட்டதை நீங்களாகவே எழுதிவிடுவீர்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன். கடைசிக் கடிதம் வரைக்கும் காத்திருந்தேன், அம்மா. சாலைகள் நன்றாகும் என்று எழுதினீர்களே, அன்றைக்குக் காத்திருப்பதை விட்டுவிட்டேன்.

சம்பளத்துக்கு வர மாட்டேன். கோபத்தினால் இல்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் இனி என் கால் படாது.

உங்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். இத்துடன் அச்சடித்த தாள் ஒன்று வைத்திருக்கிறேன். ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டு ஹுஸ்தாவை அழைத்து உட்கார வையுங்கள். பதினைந்தாம் பிரிவை உங்கள் வாயால் வாசித்துக் காட்டுங்கள். நான் சொன்னால் நம்ப மாட்டாள். நடு ஓடை எத்தனை தூரம், தண்ணீர் எவ்வளவு ஆழம் என்பதையும் சொல்லுங்கள். ஒரு வார்த்தைகூட விட்டுவிடாதீர்கள்.

அவளுக்கு நிஜமாகவே வாசிக்கத் தெரியாது.

தொமாசா